தாய் என்று விளிக்கும் உரிமை: மலையகப் பாடசாலைகளும் தேசிய கீதமும்

கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் புகையிரதப் பாதையில், கடல் மட்டத்துக்கு 6,200 அடிக்கு மேல் அமைந்துள்ளது பட்டிப்பொல நிலையம். இலங்கையின் புகையிரத நிலையங்கள் யாவற்றினும் உயரத்தில் உள்ளது அதுவே. நிலையத்தைச் சூழ மரக்கறித் தோட்டங்களும் உருளைக்கிழங்குப் பாத்திகளும் அம்பேவெலைப் பாற்பண்ணையின் புல்வெளிகளும் காணப்படும். அங்கிருந்து இருபுறமும் கீழிறங்கும்தோறும் தேயிலையே கண்ணுக்குத் தெரியும். தை, மாசி மாதங்களில் இப்பகுதியில் விடியற்காலையில் உறைபனி விழும். நாட்டின் சுதந்திர தினம் பெப்ரவரி 4ஆந் திகதி. எனவே எமது பிள்ளைப் பருவத்தில் சுதந்திர தினம் என்பது குளிரோடு சேர்ந்த நினைவாகவே இருந்தது. வெறுங்காலுடன் பனிப் புல்லில் வரிசையாக நின்று, பற்கள் ஒன்றோடொன்று மோத, நாம் தேசிய கீதத்தைத் தமிழிற் பாடினோம். பாடியவர்களுட் பாதிப்பேரின் பெற்றோர் இந்நாட்டின் பிரசைகள் அல்லர் என்பதை அன்று நாம் அறிந்திருக்கவில்லை.

பாடசாலைப் பிள்ளைகள் தேசிய கீதத்தைப் பாடவேண்டுமா என்ற வினா பல நாடுகளில் எழுந்துள்ளது. சமய நம்பிக்கை காரணமாகப் பாட மறுத்தோரும் உளர். அரசியற் கொள்கை காரணமாக மறுத்தோரும் உளர். மலையகத்தைப் பொறுத்தவரையில் வினா தலைகீழாக நின்றது. இங்கு பிள்ளைகள் மறுக்கவில்லை; பாடினார்கள். அவர்கள் 'தாய்' என்று விளித்த நாடோ அவர்களைப் பிள்ளைகள் என ஏற்க மறுத்தது. இந்த முரண்பாட்டின் வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் பாடலின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். இதனை இயற்றி இசையமைத்தவர் ஆனந்த சமரக்கோன். 1911இற் பாதுக்கைப் பகுதியிற் பிறந்த இவர் தாகூரின் சாந்திநிகேதனத்திற் சில மாதங்கள் பயின்று திரும்பி, காலி மகிந்த கல்லூரியில் இசையாசிரியராகப் பணியாற்றினார். 'நமோ நமோ மாதா' என்னும் பாடல் 1940இல் அங்கேதான் உருவாயிற்று. அது தேசிய கீதமாக எழுதப்பட்டதன்று. மாணவர்களுக்காக ஆசிரியர் ஒருவர் எழுதிய நாட்டுப்பற்றுப் பாடல். பாடசாலையில் உருவாகி அரசுக்குச் சென்ற பாடல் என்பதைப் பின்னர் எழுந்த சர்ச்சைகளிற் பலரும் மறந்துவிட்டனர். சுதந்திரத்தை ஒட்டித் தேசிய கீதமொன்றைத் தெரிவு செய்ய நடந்த போட்டியில் வேறொரு பாடல் பரிசு பெற்றது. தெரிவுக் குழுவில் இருந்தோரே அதன் ஆக்கத்திற் பங்குகொண்டிருந்தமையால் அது நிலைபெறவில்லை. சேர் எட்வின் விஜயரத்ன தலைமையிலான குழுவொன்று சமரக்கோனின் பாடலைச் சிறு திருத்தத்துடன் பரிந்துரைக்க, 1951 நவம்பர் 22இல் அது தேசிய கீதமாக ஏற்கப்பட்டது.

அதன் தமிழ் வடிவத்தை ஆக்கியவர் முதுதமிழ்ப் புலவர் மு. நல்லதம்பி. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையைச் சேர்ந்த அவர் கொழும்பு சாகிராக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். சாந்திநிகேதனத்திற் பயின்ற சிங்களக் கலைஞரின் மெட்டுக்கு, முஸ்லிம் கல்லூரியொன்றின் தமிழாசிரியர் சொல்லமைத்தார் என்பதை நினைக்கும்போது, அக்காலத்து இலங்கை பற்றி ஏக்கமே உண்டாகின்றது. மொழிபெயர்ப்பென்ற வகையிலும் அது எளிய பணியன்று. மெட்டு முன்னரே வகுக்கப்பட்டுவிட்டது. நெட்டெழுத்து விழும் இடமும் சொல் முடியும் இடமும் இசையால் நிர்ணயிக்கப்பட்டுவிட்டன. அந்த எல்லைக்குள் நின்று வயலும் நதியும் மலரும் கனியும் நிறைந்த நாட்டின் வளத்தையும், ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாய் மக்கள் வாழ வேண்டும் என்ற வேட்கையையும் தமிழாக்கியிருக்கிறார். நாட்டின் ஏற்றுமதி வருவாயைப் பல தசாப்தங்களாகத் தாங்கிநின்ற தேயிலை, சிங்களப் பாடலிலும் இல்லை, தமிழ்ப் பாடலிலும் இல்லை. இதனைக் குறையாகக் கூறவில்லை. ஆயினும் கொழுந்துக் கூடை சுமந்தவளின் பிள்ளைக்கு அப்பாடலில் தன் வீட்டு முற்றம் தென்படவில்லை என்பதும் உண்மையே.

இப்பாடலுக்கு நேர்ந்த வேறொரு நிகழ்ச்சியையும் இங்கு குறிப்பிடலாம். நாட்டுக்கு நேர்ந்த துன்பங்களுக்கெல்லாம் பாடலின் முதற்சொற்களில் உள்ள எழுத்துக்கணமே காரணம் எனச் சிலர் கூறத் தொடங்கினர். எமது பாட்டியல் நூல்கள் கூறும் பத்துப் பொருத்தங்களுள் மங்கலமும் கணமும் அடங்குவதை அறிந்த தமிழ் மாணவருக்கு இவ்வாதம் புதுமையாகத் தோன்றாது. 1961இல் முதலடி 'ஸ்ரீ லங்கா மாதா' எனத் தொடங்குமாறு மாற்றப்பட்டது. ஆசிரியர் இதனைக் கடுமையாக எதிர்த்தார். அவரது எதிர்ப்பு பொருட்படுத்தப்படவில்லை. 1962 ஏப்ரலில் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஒரு நாட்டின் தேசிய கீதத்தை ஆக்கியவனே அந்நாட்டின் அதிகாரத்தின் முன் குரலற்று நின்றான் என்பது, குரலற்றவர்களின் பிள்ளைகள் அதைப் பாடிய கதைக்கு ஒரு வகையில் முன்னுரையாக அமைகின்றது.

இனி மலையகத்துக்கு வருவோம். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. நுவரெலியாவிற் சௌமியமூர்த்தி தொண்டமானும், தலவாக்கலையிற் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும் தெரிவாயினர். தோட்டத் தொழிலாளர் அன்று வாக்காளர்கள். சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டில், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. தந்தையோ பாட்டனோ இலங்கையிற் பிறந்ததை நிரூபிக்கும் பத்திரங்களை அது கோரியது. பிறப்புப் பதிவு ஒழுங்காக நடைபெறாத லயன் காம்பராக்களிலே இப்பத்திரங்களுக்கு எங்கு செல்வது? 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் 1951 ஓகஸ்ட் வரை விண்ணப்பிக்க வாய்ப்பளிக்கப்பட்டது. ஏறத்தாழ 825,000 பேருக்காக 237,034 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. இறுதியிற் பிரசாவுரிமை பெற்றோர் ஏறக்குறைய 134,000 பேரே. விண்ணப்ப இறுதித் திகதி கழிந்தது 1951 ஓகஸ்டில். தேசிய கீதம் ஏற்கப்பட்டது அதே ஆண்டு நவம்பரில். இவ்விரண்டுக்கும் இடையில் யாரும் தொடர்பு கற்பிக்கவில்லை. யாமும் கற்பிக்கப் போவதில்லை. ஆயினும் 'ஒரு தாய் மக்கள்' என்று பாடும் கீதம் நாட்டுக்குக் கிடைத்த வேளையில், அந்நாட்டு மக்களுள் ஒரு பெருங்கூட்டம் எந்த நாட்டுக்கும் உரியதாக இல்லாது நின்றது என்பது வரலாறு.

இக்கூட்டத்தின் பிள்ளைகள் கற்ற பாடசாலைகள் எத்தகையவை? 1907இலும் 1920இலும் இயற்றப்பட்ட சட்டங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின் மீது சுமத்தின. பெரும்பாலும் ஒரு கொட்டகை, ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்பு வரையான எழுத்தும் எண்ணும், அவ்வளவே. 1945இல் நாடெங்கும் தொடங்கிய இலவசக் கல்வியின் பயன் இங்கு வந்து சேரவில்லை. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் விடப்பட்டன. தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளில் அரசுடைமையான பின்னர், 1977இலிருந்தே அவை படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. நகரங்களை ஒட்டியிருந்த சில அரசினர், மிஷன் பாடசாலைகளுக்குச் சென்ற பிள்ளைகள் பாக்கியசாலிகள். பிரட்டுக் களத்துத் தப்போசைக்குப் பெற்றோர் எழுந்து மலைக்குப் போன பின்னர், பிள்ளைகள் தாமே எழுந்து மைல்கணக்கில் நடந்தனர்.

பிரசாவுரிமை அற்றவருக்கு அரசாங்க சேவையில் இடமில்லை. அரசினர் பாடசாலையில் ஆசிரியராகும் வாய்ப்பும் ஆகவே இல்லை. காலைக் கூட்டத்தில் முன்வரிசையில் நின்று நன்றாகப் பாடும் பிள்ளை, வளர்ந்து, அக்காலைக் கூட்டத்தை நடத்தும் ஆசிரியராக வர இயலாது. வாக்களிக்க இயலாது, கடவுச்சீட்டுப் பெற இயலாது. பாட மட்டும் இயலும். அரசு இப்பிள்ளையிடமிருந்து பெற்றுக்கொள்ளத் தயங்காதவை இரண்டு: பத்துப் பன்னிரண்டு வயதின் பின் அதன் உழைப்பு, அதற்கு முன் அதன் பாடல்.

இங்கு ஒரு சாராரின் வாதத்தை எடுத்து நோக்குதல் வேண்டும். உரிமை மறுத்த நாட்டின் கீதத்தைப் பாடியது தன்மானம் அற்ற செயல் என்றும், ஆசிரியர்கள் பாடவைத்தது அடிமைப் புத்தி என்றும் பல்கலைக்கழக விவாதங்களில் இளைஞர்கள் கூறக் கேட்டிருக்கிறோம். இவ்வாதத்திலுள்ள சினம் நியாயமானது; முடிவு பிழையானது எனக் கருதுகிறோம். தேசிய கீதம் அரசின் பத்திரமன்று. பத்திரத்தை வழங்கவும் மறுக்கவும் அதிகாரிக்கு முடியும். பாடலை மறுக்க அவருக்கு முடியாது. 'தாயே' என்று விளிப்பவன், தான் பிள்ளை என்ற கோரிக்கையை முன்வைத்துவிடுகின்றான். 1951இல் நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்தை மலையகத்துப் பிள்ளைகள் ஒவ்வொரு காலையும் புதிதாகச் சமர்ப்பித்தார்கள் என்றே கொள்ளலாம். ஆனால் அக்கோரிக்கை அவர்களுக்கு விளங்கியிருந்தால் மட்டுமே அது கோரிக்கையாகும். அதற்குத் தமிழ் வடிவம் இன்றியமையாததாயிருந்தது. பொருள் தெரியாத ஒலியை ஒப்புவிக்கும் பிள்ளை எதனையும் கோருவதில்லை. பணிந்து போகிறது, அவ்வளவே.

1964 ஒக்டோபர் 30இற் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைப் பங்கிட முனைந்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் பேசித் தீர்ப்பதற்கு. 1974இல் அந்த எஞ்சியோரும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். பட்டிப்பொல வழியாக வரும் மலைநாட்டுப் புகையிரதங்கள் பல ஆண்டுகள் இம்மக்களையே சுமந்து இறங்கின. தலைமன்னார் சென்று, கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கினர். காலப்போக்கில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு சென்றனர். காலைக் கூட்டத்தில் எமது தோளோடு தோள் நின்ற ஒரு தோழன் 1970களின் நடுப்பகுதியில் ஒரு திங்கட்கிழமை வரவில்லை. அவனுடைய இடத்தை விட்டுவிட்டே சில நாட்கள் நின்றோம். பின்னர் வரிசை தானாகச் சேர்ந்துகொண்டது.

அப்பிள்ளைகளின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நீலகிரியிற் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் அவர்களுட் பலர் குடியேற்றப்பட்டனர். அதே தேயிலை, அதே குளிர். பாடசாலையிற் பாடும் பாடல் மட்டும் வேறு. தொடக்கத்தில் 1970இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்த்தாய் வாழ்த்து. முடிவில் 1950 ஜனவரி 24இல் இந்தியா ஏற்ற தாகூரின் பாடல். நேற்றுவரை தமிழிற் பாடிய நாட்டை விட்டு வெளியேற்றப்பட்ட பிள்ளை, இன்று தனதெனச் சொல்லப்பட்ட நாட்டின் கீதத்தை வங்கமொழியிற் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. சமரக்கோனின் மெட்டும் சாந்திநிகேதன மரபிற் பிறந்ததே ஆகையால் இசை அவனுக்கு முற்றிலும் அந்நியமாக இருந்திராது.

இவ்விடத்தில், 2010ஆம் ஆண்டு இலங்கையில் எழுந்த சர்ச்சை நினைவுக்கு வருகின்றது. தேசிய கீதத்தின் தமிழ் வடிவத்தைக் கைவிடுவது குறித்து அமைச்சரவையிற் பேசப்பட்டதாக அவ்வாண்டு டிசம்பரிற் செய்தி வெளியாயிற்று. அமைச்சர்கள் சிலர் ஆதரித்தனர். வாசுதேவ நாணயக்கார போன்றோர் எதிர்த்தனர். எதிர்ப்பு வலுக்கவே அத்தகைய முடிவு எடுக்கப்படவில்லை என அரசு தரப்பிற் கூறப்பட்டது. ஆயினும் அம்மாத இறுதியில், யாழ்ப்பாணத்திற் பிரதமர் பங்குபற்றிய ஆழிப்பேரலை நினைவு நிகழ்ச்சியில் மாணவர்கள் சிங்களத்திலேயே பாட வைக்கப்பட்டனர் எனச் செய்திகள் வந்தன. அரசியலமைப்பைத் திறந்து பார்த்தால் சர்ச்சைக்கே இடமில்லை. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 7ஆம் உறுப்புரை தேசிய கீதத்தை வரையறுத்து, சொற்களையும் இசையையும் மூன்றாம் அட்டவணையில் தருகின்றது. அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியில் அவ்வட்டவணையில் இருப்பது தமிழ்ப் பாடலே. 1987இன் 13ஆந் திருத்தத்தின் பின் தமிழும் ஆட்சிமொழி.

ஒரே கீதம் ஒரே மொழி என்போர் இந்தியாவை எடுத்துக்காட்டினர். எத்தனையோ மொழிகள் வழங்கும் அந்நாட்டில் இந்தியில் மட்டுமே தேசிய கீதம் பாடப்படுகிறது என்றனர். இது உண்மைக்குப் புறம்பானது. தாகூரின் பாடல் இந்தியன்று. வடசொல் மிகுந்த வங்கம். பெரும்பான்மையோரின் மொழியைச் சிறுபான்மையோர் ஏற்க வேண்டும் என்ற நிலை அங்கு எழவில்லை. இந்தி பேசுபவனும் தமிழ் பேசுபவனும் அப்பாடலை வெளியிலிருந்தே அணுகுகின்றனர். தூரம் ஏறக்குறைய சமம். இலங்கையில் அவ்வாறன்று. தென்னாபிரிக்காவின் கீதம் 1997 முதல் ஒரே பாடலுக்குள் ஐந்து மொழிகளைக் கொண்டுள்ளது. கனடாவின் கீதம் 1880இற் பிரெஞ்சில் எழுந்தது. ஆங்கில வடிவம் அதன் நேர் மொழிபெயர்ப்பே அன்று, பொருளே வேறு. அதனால் அந்நாடுகள் பிளவுபட்டன என எவரும் கூறவில்லை.

இந்தியாவிடமிருந்து எடுத்துக்காட்டுத்தான் வேண்டுமெனில் வேறொன்று உண்டு. 1985இற் கேரளத்தில், யெகோவாவின் சாட்சிகள் என்னும் சமயப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் பாடசாலையிலிருந்து நீக்கப்பட்டனர். தேசிய கீதம் இசைக்கப்படும்போது அவர்கள் மரியாதையுடன் எழுந்து நின்றனர், பாடவில்லை. கடவுளையன்றி வேறெதனையும் துதிப்பதைத் தம் சமயம் அனுமதிப்பதில்லை என்பது அவர்கள் கூறிய காரணம். கேரள மேல்நீதிமன்றத்தில் அவர்கள் தோற்றனர். 1986 ஓகஸ்ட் 11இல் இந்திய உச்ச நீதிமன்றம், பிஜோ இம்மானுவேல் வழக்கில், அவர்களை மீளச் சேர்க்குமாறு தீர்ப்பளித்தது. கீதத்தைப் பாடியே ஆகவேண்டும் என எந்தச் சட்டமும் விதிக்கவில்லை என்றும், மரியாதையாக நிற்பவன் பாடாதிருப்பது அவமதிப்பாகாது என்றும் நீதியரசர் சின்னப்ப ரெட்டி விளக்கினார். அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1943இற் கொடி வணக்கம் பற்றிய வழக்கில் இதே பிரிவினரின் பிள்ளைகளுக்காக இதனையொத்த முடிவுக்கே வந்தது; அதுவும் போர் உச்சத்தில் இருந்த வேளையில்.

மௌனமாக நிற்கும் உரிமையும் தன் மொழியிற் பாடும் உரிமையும் வெவ்வேறு போலத் தோன்றினும், யாம் அவற்றை ஒன்றாகவே காண்கிறோம். இரண்டும் பிள்ளையின் வாயிலிருந்து வருவது பிள்ளையினுடையதாக இருக்கவேண்டும் எனக் கேட்கின்றன. பிள்ளைகள் பாடவேண்டுமா என எம்மைக் கேட்டால், பாடுவது நன்று என்போம். ஆசிரியர்கள் கற்பிக்க வேண்டும், சொல்லுக்குச் சொல் பொருள் கூறிக் கற்பிக்க வேண்டும் என்போம். தமிழ்ப் பிள்ளை சிங்கள வடிவத்தையும், சிங்களப் பிள்ளை தமிழ் வடிவத்தையும் விரும்பிக் கற்றால் அதனினும் நன்று. பாடாத பிள்ளையைப் பிரம்பால் அடித்துப் பாடவைத்த காட்சியையும் எமது பள்ளிப் பருவத்திற் கண்டுள்ளோம். அந்தப் பிள்ளைக்கு அன்று காய்ச்சல். அடித்த ஆசிரியர் பொல்லாதவர் அல்லர். பார்வையிட வரும் அதிகாரிக்கு அஞ்சியவர்.

நாடற்றோர் பிரச்சினை சட்டப்படி முடிவுக்கு வரப் பல தசாப்தங்கள் சென்றன. 1988ஆம் ஆண்டுச் சட்டம் பெரும் பகுதியினருக்கு வழிதிறந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. 1948இல் முதலாம் வகுப்பிற் சேர்ந்த பிள்ளைக்கு அப்போது வயது அறுபது. அதன் பேரப்பிள்ளைகள் அதே மலையில், கூரை மாற்றப்பட்ட அதே பாடசாலையில், அதே தமிழ்ச் சொற்களைப் பாடிக்கொண்டிருந்தனர்.

2015 மார்ச்சில், தமிழிற் பாடுவதற்குத் தடையில்லை என ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அறிவித்தார். 2016 பெப்ரவரி 4இல், கொழும்பு காலிமுகத்திடலில் நடந்த அரச சுதந்திர தின விழாவிற் பல தசாப்தங்களின் பின் தேசிய கீதம் தமிழிலும் இசைக்கப்பட்டது. கண்ணீர் விட்டோர் பலர் எனப் பத்திரிகைகள் எழுதின. 2020ஆம் ஆண்டு விழாவில் மீண்டும் அது இடம்பெறவில்லை. தலைநகரில் ஓராண்டு பாடுவதும் ஓராண்டு விடுவதுமாக இருந்த அந்தப் பாடலைப் பட்டிப்பொலச் சரிவின் பாடசாலைகளில் எந்த ஆண்டிலும் நிறுத்த நினைத்தவர் இல்லை. 2020 பெப்ரவரியில் அங்குள்ள ஆசிரிய நண்பர் ஒருவரிடம், இவ்வாண்டு என்ன செய்தீர்கள் எனக் கேட்டோம். பனி கலையட்டும் என்று அரைமணி நேரம் பிந்தித் தொடங்கியதாகச் சொன்னார். எமது வினா மொழி பற்றியது என்பது அவருக்குத் தோன்றவேயில்லை.